யாரும் சாகாத ஊரின் கேலிக்காரி

லெயோகாதி தோயெக்குப் பிறந்த தேதி கிடையாது. "சுமார் 1941" என்று நீதிமன்றம் எழுதிக்கொடுத்த தாள் ஒன்று உண்டு. அந்தத் தாள், ஞானஸ்நானச் சான்று, பணி நியமன ஆணை மூன்றையும் ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்தாள். மாதம் ஒருமுறை திறந்து மூன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். தகர டப்பாவைக் கரையான் அரிக்காது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பார்ப்பாள்.

அவள் சமோ இனத்துப் பெண். சொந்த ஊர் தூகான் பக்கம். வேலை பார்த்தது வடக்கே மோசி இனத்தாரின் சிற்றூரான ரிம்தெங்காவில், துணை ஆட்சியர் அலுவலகத்தில், இரண்டாம் நிலைத் தட்டச்சராக. லாரியில் ஒரு பகல் பயணம்தான். ஆனால் பதினோரு வருடம் குடியிருந்த பிறகும் சந்தையில் வெண்டைக்காய்ப் பொடி விற்கிறவள், "என்ன சமோக்காரி, ஊருக்கு எப்பப் போறே?" என்றுதான் விசாரிப்பாள். அது விரோதமில்லை, வெறும் விசாரிப்பு. லெயோகாதி சிரித்துக்கொண்டே பொடியை வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டில் சமோ மொழி. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. கன்னியாஸ்திரீகள் நடத்திய அந்தப் பள்ளியில் பதின்மூன்று வயதில் கிணற்றைப் பற்றி ஒரு கவிதை எழுதினாள். வாசித்த சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதை யாரைப் பார்த்து எழுதினாய்?"

"யாரையும் பார்க்கவில்லை, சிஸ்டர்."

"பொய் சொல்லாதே. உனக்கு இந்தப் பிரெஞ்சு எங்கிருந்து வந்தது?"

"நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள், சிஸ்டர்."

சிஸ்டர் தாளை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு லெயோகாதி எழுதியதை யாரிடமும் காட்டவில்லை. எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

தட்டச்சு படிக்கத் தலைநகர் வகாதுகு போனபோது அங்கே நூலகத்தில், கறுப்பினத்துக் கவிஞர்களே பிரெஞ்சில் எழுதிய கவிதைப் புத்தகங்கள் கிடைத்தன. கண்டத்தைப் பாடினார்கள், முன்னோரைப் பாடினார்கள், விடுதலையைப் பாடினார்கள். அவள் எல்லாவற்றையும் வாசித்தாள், பலவற்றை மனப்பாடம் செய்தாள். ஒன்று மட்டும் இடித்தது. அந்தக் கவிதைகளில் வந்த பெண்கள் எல்லாரும் ஆற்றில் குளித்துக்கொண்டோ குடம் சுமந்துகொண்டோ இருந்தார்கள். யாரும் தட்டச்சு செய்யவில்லை. யாரும் மாத அறிக்கையை மூன்று பிரதி எடுக்கவில்லை. கறுப்பும் அழகுமாக நின்றார்கள், பேசவில்லை. நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் நான் எங்கே என்று அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

பிறகு ரெமி பாரேயைக் கட்டிக்கொண்டாள். அவரும் சமோக்காரர், ஆண் செவிலியர். நீல மொபைலெட் வண்டியில் கிராமம் கிராமமாகப் போய் ஊசி போடுகிற வேலை. இருவருக்கும் ஒரே ஊரில் மாற்றல் கிடைத்து ரிம்தெங்காவுக்கு வந்தார்கள். மூன்று பிள்ளைகள்.

ரிம்தெங்காவின் துணை ஆட்சியர் ஹாமிது பெலெம். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கத்தில் ஊர் அவரைக் கொமாந்தான் என்றே கூப்பிட்டது. அவர் மோசி. அவள் சமோ. மோசிக்கும் சமோவுக்கும் கேலிமுறை. எந்தத் தலைமுறையில் யார் செய்த உடன்படிக்கையோ, ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள், திருடன் என்பார்கள், வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். கோபப்படுகிறவனுக்குத்தான் அவமானம். அமைச்சரானாலும் அப்படித்தான்.

காலையில் கொமாந்தான் வராந்தாவில் ஏறும்போதே ஆரம்பிப்பார்.

"ஏய் நாய்த்தலை தின்னி! நேத்துக் கொடுத்த கடிதம் முடிஞ்சுதா?"

"கத்தாதடா அடிமை. எசமானி இன்னும் கஞ்சியே குடிக்கல."

"எந்த நாயோட கஞ்சி?"

"உன் வீட்டு நாய்தான். காலையில தேடிப் பாத்தியா? கயிறு மட்டும்தான் கிடக்கும்."

பெஞ்சில் மனு கொண்டுவந்து காத்திருக்கிற கிழவர்கள் பல்லில்லாத வாயைத் திறந்து சிரிப்பார்கள். கொமாந்தானும் சிரித்தபடியே தன் அறைக்குள் போவார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மோசிகளின் மோரே மொழி நின்றுவிடும், பிரெஞ்சு தொடங்கும். "மதாம் தோயெ, எழுதிக்கொள்ளுங்கள்." "இதோ, ஐயா." லெயோகாதி தன் வாழ்நாளில் நாய்க்கறி தின்றதில்லை. அது வேறு விஷயம்.

கேலிமுறை வெறும் வாய்ச்சண்டை அல்ல. மோசி வீட்டில் சாவு விழுந்தால் சமோக்காரி வந்தாக வேண்டும். வாசலில் நின்று, "யாரைத் தூக்கினீங்க?" என்று கேட்பாள். வீட்டுப் பெரியவர் செத்தவரின் பேரைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பாள். செத்தவரின் துணியைக் கட்டிக்கொண்டு அவர் மாதிரி நடப்பாள், அவர் மாதிரி இருமுவாள், அவர் மாதிரிப் பேரப்பிள்ளையைத் திட்டுவாள். அழுதுகொண்டிருக்கிற வீடு சிரித்துவிடும். அவள் வராத சாவு முடிந்த சாவாகாது. லெயோகாதி ரிம்தெங்காவில் இப்படிப் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் போயிருக்கிறாள். தட்டச்சர் என்று பாராமல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் அவளைத் தேடி யாராவது வந்தது அதற்கு மட்டும்தான்.

இரண்டாவது வருடமாக மழை பொய்த்தது. நாட்டுக்கு அப்போது அப்பர் வோல்ட்டா என்று பெயர். வடக்கே ஆடுமாடுகள் விழுந்துகொண்டிருந்தன. தானிய லாரி வரும் என்று சொன்னார்கள். ஒன்று வந்தது, அதுவும் ரிம்தெங்கா கிடங்கோடு நின்றுவிட்டது. ரெமி வண்டியில் சுற்றிவிட்டு வந்து ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தார். மேற்கே ஒரு குக்கிராமத்தில் மட்டும் ஆறு வாரத்தில் ஏழு பேர். பேர், வயது, தேதி. காரணம் என்ற இடத்தில் செவிலியருக்குத் தெரிந்த சொல்லைப் போட்டிருந்தார்: உணவின்மை.

மாத அறிக்கை நாளன்று கொமாந்தான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். உணவு நிலை, திருப்திகரம். தானிய விநியோகம், நடைபெறுகிறது. பட்டினிச் சாவு, எதுவுமில்லை.

அவள் விரல்கள் நின்றன. "ஐயா, செவிலியர் குறிப்பில் ஏழு பெயர் இருக்கிறது."

"குறிப்பு என்னிடம் இருக்கிறது, மதாம்."

"அதை இணைப்பாகச் சேர்க்கட்டுமா?"

"வேண்டாம். போன மாதமே எல்லாக் கிராமத்துக்கும் தானியம் போய்விட்டதென்று எழுதியாயிற்று. அடுத்த வாரம் தலைநகரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். நான் சொல்வதை மட்டும் அடியுங்கள்."

அவர் கெட்ட மனிதர் என்று அவள் நினைக்கவில்லை. பெரியவர்கள் வருவதற்காகச் சாலையோரக் கற்களுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து தினமும் தந்தி வந்துகொண்டிருந்தது. அவரும் அடிக்கச் சொன்னதை அடிக்கிற ஆள்தான். அவள் 'எதுவுமில்லை' என்று அடித்தாள். மூன்று பிரதி.

அந்த வருடம் அந்தக் கிராமத்தில் சாவுச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. சடங்குக்குத் தானியக் கள் காய்ச்சக் கம்பு இல்லை. யாரும் அவளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை.

கூப்பிடாமலே அவள் போனாள், காகிதத்தில். நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அலுவலகம் தூங்குகிற நேரத்தில், நான்கு நாள் உட்கார்ந்து பிரெஞ்சில் எழுதினாள். ஏழு பேருக்கும் ஏழு பத்தி. சாப்பிடும்போது ரெமி சொன்னவையெல்லாம் அதில் வந்துவிட்டன.

*இதோ இப்படி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு,
யம்பா கிணற்றை எட்டிப் பார்ப்பான்.
கிணற்றுக்குள்ளிருந்தும் ஒரு யம்பா
கையில் காலி வாளியோடு எட்டிப் பார்ப்பான்.*

இப்படி ஒவ்வொருவராக வந்து நடந்து காட்டினார்கள். கடைசிப் பத்தி அறிக்கையைப் பற்றியது.

*நான் அடித்தேன்: எதுவுமில்லை.
எதுவுமில்லைக்கு ஆறு வாரம் காய்ச்சல்.
எதுவுமில்லை தன் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு
கிடங்கு வாசல்வரை மூன்று நாள் நடந்தாள்.
கொமாந்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு
பேனாவுக்குத் தொப்பி போட்டார்.
வெயில் அதிகம், பேனாவுக்குத் தலை சுட்டுவிடும்.*

ஒரு சொல் சரியா என்று கேட்கத்தான் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒகுஸ்தான் பதினியிடம் காட்டினாள். இருபது வருடத்தில் முதல்முறையாக ஒருவரிடம் காட்டியது அதுதான். பதினி நின்றபடியே வாசித்தார்.

"அக்கா, இதை சனிக்கிழமை இளைஞர் மன்றத்துல வாசிக்கணும்."

"பைத்தியமா? அவரு என் மேலதிகாரி."

"தினமும் வராந்தாவுல நீ அவரை அடிமைங்கறே. யாராவது உன்னைப் பிடிச்சு உள்ள போட்டாங்களா?"

அதுவும் சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. கேலிமுறை இருக்கிறதே. அவளே நண்பகலில் ஸ்டென்சில் வெட்டிச் சுழல் அச்சில் அறுபது பிரதி எடுத்துக்கொடுத்தாள். கவிதையை மூன்று தடவை சரிபார்த்தாள், காற்புள்ளி உட்பட. கீழே பேர் போடவில்லை. பேர் போட அவளுக்குப் பயம்.

ஆனால் கை போட்டுவிட்டது. அரசாங்கக் கடிதம் எதுவானாலும் இடது மூலையில் ஒரு குறி இருக்கும். சொன்னவரின் முதலெழுத்துகள் பெரிதாக, ஒரு சாய்கோடு, அடித்தவரின் முதலெழுத்துகள் சிறிதாக. எச்.பி./எல்.டி. என்றால் ஹாமிது பெலெம் சொல்ல, லெயோகாதி தோயெ அடித்தது. பதினோரு வருடமாக அந்த விரல்கள் தாளின் அடியில் வந்ததும் அதை அடித்துவிட்டுத்தான் தாளை உருவும். தன் மூக்கை யார் தினமும் சரிபார்க்கிறார்கள்? அறுபது பிரதியிலும் அது இருந்தது.

சனிக்கிழமை மாலை பதினி வாசித்தபோது கூட்டம் முதலில் சிரித்தது. பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு அவர் மோரேயில் மாற்றிச் சொன்னதும் இன்னும் சிரித்தது. சாவு வீட்டில் சமோக்காரி வந்து நின்ற மாதிரியே இருந்தது. மூன்றாவது பேருக்கு வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்த யம்பாவின் அண்ணன் எழுந்து வெளியே போனார். திங்கட்கிழமை ஒரு பிரதி தானியக் கிடங்குக் கதவில் ஒட்டியிருந்தது. அஞ்சல் அலுவலர் அதைப் படித்துவிட்டு மூலையைக் கண்டுபிடித்தார். சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

"கொமாந்தானே சொல்லச் சொல்ல எழுதினதாம்டா! தன்னைத்தானே திட்டிக்கிட்டு மூணு பிரதி எடுக்கச் சொல்லியிருக்காரு!"

ஊர் சிரித்த அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. ஒரு பிரதி தலைநகருக்குப் போயிற்று. வியாழக்கிழமை ஜீப்பில் ஒரு காவல்துறை கேப்டன் வந்து இறங்கினார். பாபெமா சனு என்று பேர், போபோ இனத்தவர், அளந்து பேசுகிற ஆள். பதினியை அன்றைக்கே வேறு மாவட்டத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டார்கள்.

ரெமி வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் குறிப்புல பேரும் தேதியும்தான் இருந்துச்சு. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நடந்ததெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"நீங்கதானே சாப்பிடறப்போ சொன்னீங்க."

"சாப்பிடறப்போ சொல்றதெல்லாம் அச்சடிக்கவா? இனிமே வாயைத் திறக்காம சோத்தை முழுங்கறேன், போதுமா?"

"இப்ப என்னாகும்?"

"வேலை போகும். இல்லேன்னா பாலைவனத்து ஓரம் தூக்கிப் போடுவாங்க. பெரியவன் பள்ளிக்கூடப் பரீட்சை வருது. நல்ல நேரம் பாத்தே போ."

லெயோகாதி பிஸ்கெட் டப்பாவைத் திறந்தாள். மூன்று தாளும் இருந்தன.

மாலையில் கொமாந்தானே வீட்டுக்கு வந்தார். பதினோரு வருடத்தில் வராதவர். வாசலில் நின்று மோரேயில் கூப்பிட்டார்.

"ஏ நாய் தின்னி! அடிமை வந்திருக்கேன், தண்ணி குடுக்க மாட்டியா?"

அவள் சுரைக்குடுவையில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வற்றியிருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணே? வராந்தாவுல நீ என்ன வேணா சொல்லு. என் அப்பனைச் சொல்லு, தாத்தனைச் சொல்லு. காகிதத்துல ஏன்? அதுவும் பிரெஞ்சுல?"

"ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சேன்."

"ஒண்ணு இல்ல. மோரேயில சொன்னா காத்தோட போயிடும். பிரெஞ்சுல எழுதினா வகாதுகு வரைக்கும் போகும்." கொஞ்ச நேரம் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செத்தது என் ஜனம். நீ யாரு அழறதுக்கு?"

"நான் அழலியே. நடந்து காட்டினேன்."

அவருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. "அதைத்தான் நானும் கேப்டன்கிட்ட சொன்னேன். இது சமோக்காரி வேலை, சாவு வீட்டுக் கேலி, இதுல அரசியல் இல்லைன்னு. அவரு போபோ. அவங்களுக்கும் ஃபூலானிகளுக்கும் இந்த முறை உண்டு. புரிஞ்சுக்கிட்டாரு. நாளைக்குக் காலையில அலுவலக முற்றத்துல ஊர்ப் பெரியவங்க முன்னாடி உக்காருவோம். கேலிக்குக் கூலியா ஒரு நாய்த்தலையை மூடி வச்சுக் கொண்டாரேன். நீ வந்து வழக்கமான கேலியைப் பண்ணு, சமோக்காரியாதான் எழுதினேன்னு சொல்லு, தலையை வாங்கிக்க. எல்லாரும் சிரிப்பாங்க. கேப்டன் ஜீப்ல ஏறிடுவாரு. உன் நாற்காலி உனக்கு, என் நாற்காலி எனக்கு."

ரெமி உள்ளேயிருந்து அவளையே பார்த்தார்.

"சரி," என்றாள் லெயோகாதி. உண்மையிலேயே அப்படித்தான் செய்வதாக இருந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இருந்தன, மாற்றல் என்றால் பயப்படுகிற சுபாவம் இருந்தது. அவர் போன பிறகு ஸ்டூலைத் துடைத்து வைத்தபோது ஒன்றுதான் உறுத்தியது: அது கேலி என்றால், அந்த ஏழு பேரும்? அதை அப்புறம் யோசிக்கலாம் என்று வெங்காயம் நறுக்கப் போனாள்.

மறுநாள் காலை முற்றத்து வேப்பமரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர், யம்பாவின் அண்ணனும் ஓரத்தில். கேப்டனுக்கு நாற்காலி. நடுவில் எனாமல் பேசின், மேலே தட்டு மூடியிருந்தது. கொமாந்தான் வீட்டுப் பெரியவர் மாதிரி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை பூபூ அங்கி, கையில் விசிறி.

"எங்கே அந்த நாய் தின்னி? வாசனை பிடிச்சு முன்னாடியே வந்திருப்பாளே!"

பெரியவர்கள் சிரித்தார்கள். லெயோகாதி வாயிற்படியில் வந்து நின்றாள். சாவு வீட்டுக்குக் கட்டுகிற மாதிரி பழைய இடுப்புத் துணியைக் கட்டியிருந்தாள். எந்த வாசலிலும் நிற்கிற மாதிரி நின்று, எந்த வாசலிலும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"யாரைத் தூக்கினீங்க?"

முறைப்படி அதுதான் முதல் வார்த்தை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. சிரிப்பு நின்றது. கொமாந்தானின் விசிறி நின்றது.

"கேள்வி கிடக்கட்டும். நேரா கேலிக்கு வா," என்றார் மெல்ல.

லெயோகாதிக்குக் காலை உள்ளே எடுத்து வைக்க வரவில்லை. "பேரு சொல்லாத வீட்டுக்குள்ள எந்த சமோக்காரி வந்திருக்கா? நீயே சொல்லு, அடிமை. யாரைத் தூக்கினீங்க?"

பெரியவர்களில் ஒருவர் தாடியைத் தடவினார். "அவ கேக்கறது முறைதான். சொல்லிட்டா வந்துடுவா."

"நேத்து ஒத்துக்கிட்டியே!" கொமாந்தானின் குரல் கெஞ்சியது.

"இன்னிக்கும் ஒத்துக்கறேன். பேரைச் சொல்லு, உள்ள வந்து உன் மானத்தையே வாங்கறேன்."

அப்போது ஓரத்திலிருந்து ஒரு குரல். "யம்பா." அவனுடைய அண்ணன்தான். எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யம்பாவைத் தூக்கினோம். போக்கோவைத் தூக்கினோம். இன்னும் அஞ்சு இருக்கு."

கேப்டன் நாற்காலியில் நிமிர்ந்து பிரெஞ்சில் கேட்டார். "இவர் என்ன சொல்கிறார், துணை ஆட்சியரே? இந்தச் சாவுகள் நடந்தவையா?"

கொமாந்தான் ஆமென்று தலையசைத்தால் போதும். லெயோகாதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைத்தால் அவள் சமோக்காரி, பேசினில் இருப்பது அவளுக்குச் சேரவேண்டிய தலை, வீட்டில் மூன்று பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அசைத்துவிடு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். அவர் கேப்டனின் தோள்பட்டை நட்சத்திரங்களைப் பார்த்தார். யம்பாவின் அண்ணனைப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில் சொன்னார்.

"அப்படி எந்தச் சாவும் பதிவாகவில்லை."

லெயோகாதி வாயிற்படியில் நின்றபடியே, தினமும் அவர் அறையில் பேசுகிற அதே பிரெஞ்சில் பேசினாள்.

"அப்படியானால் இது சாவு வீடு இல்லை, ஐயா. சாவு இல்லாத வீட்டில் சமோக்காரிக்கு வேலையில்லை. நான் கேலிக்கு வரவில்லை. அந்தத் தாளை எழுதியது நான்தான். அது அவர் சொல்லி நான் அடித்தது அல்ல. அதிலிருப்பது உண்மை என்று நினைத்து எழுதினேன்."

"பேர்?" என்றார் கேப்டன்.

"தோயெ, லெயோகாதி. இரண்டாம் நிலைத் தட்டச்சர்."

பேசினைத் திறக்காமலே யாரோ எடுத்துப் போனார்கள். பெரியவர்கள் செருப்பைத் தேடினார்கள். "பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார் ஒருவர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

கேப்டன் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். அங்கேதான் ஒரு சிக்கல். வாக்குமூலம் தட்டச்சில் இருக்க வேண்டும், ஐந்து பிரதி. ரிம்தெங்காவில் தட்டச்சர் ஒருத்திதான்.

"நீங்களே அடிக்க முடியுமா, மதாம்?"

"முடியும், ஐயா. கார்பன் தாள் புதிதாக வேண்டும். பழையது ஐந்தாம் பிரதிக்குப் பிடிக்காது."

அவள் உட்கார்ந்தாள். கேப்டன் சொன்னார், அவள் அடித்தாள். கேப்டன் ஒழுங்கான ஆள். கேலி என்றால் காகிதமே தேவைப்பட்டிருக்காது. குற்றம் என்றால் எல்லாம் வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட எழுத்து முழுமையாக இணைக்கப்பட வேண்டும். அதில் பேர் சொல்லப்பட்டவர்கள் யார் என்று விவரம் வேண்டும். ஊர், வயது, உயிரோடு இருக்கிறார்களா இல்லையா.

"இந்த விவரம் யாரிடம் இருக்கிறது?"

"செவிலியரின் குறிப்பு இருக்கிறது, ஐயா. துணை ஆட்சியரின் மேசையில், இடது இழுப்பறையில்."

கேப்டன் அதை வாங்கிவரச் சொன்னார். கொமாந்தான் தானே எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இணைப்பு ஒன்று, கவிதை. இணைப்பு இரண்டு, பெயர்ப் பட்டியல். யம்பா, ஐம்பது. போக்கோ, இருபத்தாறு. தென்னோகா, எட்டு. சிப்து, மூன்று. கூக்ரி, அறுபதுக்கு மேல். ராசம்தே, முப்பது. போக்கோவின் கைக்குழந்தை, இன்னும் பேர் வைக்கவில்லை. காரணம், உணவின்மை. அவள் மெதுவாக அடித்தாள், ஐந்தாம் பிரதியிலும் விழும்படி அழுத்தி. அவர் அலுவலகத்தில் தயாரான ஆவணம் என்பதால் துணை ஆட்சியர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டியிருந்தது. இட்டார். உள்துறைக்கு ஒன்று, காவல்துறைக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று, ஆவணக் காப்பகத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று.

வேலை போகவில்லை. ஒரு நிலை இறக்கி, வடகிழக்கே மணல் மேட்டு ஓரம் ஒரு கால்நடை மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கே கடிதம் குறைவு, மாடுகளின் தடுப்பூசிப் பட்டியல் அதிகம். ரெமிக்கு மாற்றல் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவரை பிள்ளைகள் அவரோடு இருந்தார்கள். பெரியவன் அந்த வருடப் பரீட்சையில் தோற்றான். ரெமி அதைச் சொல்லிக்காட்டினார், பிறகு சொல்லிக்காட்டுவதை விட்டார். அங்கே ஃபூலானிகள்தான் அதிகம். அவர்களுக்கும் சமோவுக்கும் எந்தக் கேலியும் கிடையாது. காலையில் வணக்கம் சொல்வார்கள், அவளும் சொல்வாள். எழுதினாள். இரண்டு கவிதைகள் பின்னால் ஒரு செய்தித்தாளில் வந்தன, முழுப் பேரோடு.

மாற்றலாகிப் போன ஐந்தாம் மாதம் அஞ்சல் அலுவலர் ரிம்தெங்காவிலிருந்து ஒரு கடிதம் போட்டிருந்தார். கம்பு விலை, யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் கண் அறுவை என்று எழுதி, நடுவில் இதையும் எழுதியிருந்தார்: உள்துறையிலிருந்து கொமாந்தானுக்கு ஓலை வந்திருக்கிறது. மாத அறிக்கையில் சாவு எதுவுமில்லை என்றிருக்கிறது, வழக்குக் கோப்பின் இணைப்பில் ஏழு என்றிருக்கிறது, இரண்டிலும் உங்கள் கையெழுத்து உள்ளது, எது சரி என்று கேட்டிருக்கிறார்களாம். கொமாந்தான் ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பதில் எழுதுகிறாராம்.

என்ன பதில் போயிற்று என்று லெயோகாதிக்குக் கடைசிவரை தெரியாது. அதை அடித்தது வேறொரு தட்டச்சர்.